மேயருக்கு விழுந்த காசு

ஜனவரி பிறந்தால் எங்கள் மேயருக்குக் கேக் வெட்டவே நேரம் போதாது. மீனவர் சங்கம், டாக்சி சங்கம், வாலிபால் கிளப், கடைசியில் நாங்கள், முதியோர் மன்றம். புனித பசிலியார் பேரில் செய்யும் புத்தாண்டுக் கேக்குக்குள் ஒரு காசை வைத்துச் சுடுவோம். யார் துண்டில் வருகிறதோ, அவருக்கு வருஷம் முழுக்க அதிர்ஷ்டம். ஆறு வருஷமாக அது மேயர் கலியூரிஸின் துண்டில்தான் வந்தது. ஏதென்ஸில் இருக்கும் கட்சித் தலைமைக்குப் படமும் போகும். எழுபது கிழங்களில் ஒருவருக்குக்கூட அதிர்ஷ்டம் இல்லை என்பது எங்களைப் பார்த்தாலே தெரியும்.

கேக் சுடுவது என் மாடி வீட்டு ஸ்டமாட்டியா. பதினான்கு வயதில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைக்குள் போனவள், அதை இழுத்து மூடியபோதுதான் வெளியே வந்தாள். முதலாளியே அவளிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். கணவர் பந்தெலிஸ் கப்பல் வெல்டர், ஆஜானுபாகு. பக்கவாதம் வந்து நான்கு வருஷமாகப் படுக்கை. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தெருவை அவர் பார்த்தும் நான்கு வருஷம்.

அவரைக் குளிப்பாட்டிப் புரட்டிப்போட, நகராட்சி ஃபோதினி என்ற பெண்ணைத் தினமும் அனுப்பிக்கொண்டிருந்தது. புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நவம்பரில் ஃபோதினியை எடுத்து அலுவலகத்தில் போன் முன்னால் உட்காரவைத்தார்கள். எதற்கு? முதியோர் குறைகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ள! ஸ்டமாட்டியா போன் செய்தால் அவள்தான் எடுப்பாள்.

"அம்மா, நான் வரலைங்கிற புகாரை நானே எழுதிக்கிறேம்மா" என்று அந்தப் பெண் அழுவாள்.

இந்த ஜனவரியும் மேயர் வந்தார். பின்னால் செயலாளர், கேமராக்காரர்.

"என் தங்கங்களா! இந்த ஊரோட வேரே நீங்கதான்! எங்க புதையலே நீங்கதான்!"

வேர், புதையல். எங்களைப் பார்த்தால் மண்ணுக்கடியில் இருக்கிற சாமான்தான் இவர்களுக்கு ஞாபகம் வருகிறது.

ஸ்டமாட்டியா எழுந்தாள். "மேயர் ஐயா, ஃபோதினிய எப்ப திருப்பி அனுப்புவீங்க? எம் புருஷனத் தனியாப் புரட்ட என்னால முடியல."

"எல்லாம் பட்ஜெட்ல இருக்கும்மா. மொதல்ல கேக்க வெட்டுவோம், காபி ஆறுது பாருங்க."

வெட்டினார். வழக்கப்படி கிறிஸ்துவுக்கு ஒன்று, மாதாவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று, அடுத்தது தனக்கு. ஒரு கடி கடித்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். வாய்க்குள் விரலை விட்டு, பளபளவென்று ஒரு காசை எடுத்தார்.

"அடக் கடவுளே, மறுபடியும் எனக்கா! வெட்கமா இருக்குங்க!"

செயலாளர் கைதட்டினார். நாங்களும் தட்டினோம், பழக்கதோஷம்.

"இந்த வருஷம் நான் காசே போடலையே" என்றாள் ஸ்டமாட்டியா.

"வயசாயிடுச்சில்லம்மா, போட்டுட்டு மறந்திருப்பீங்க" என்றார் செயலாளர்.

அவள் கைப்பையைத் திறந்து, வழக்கமாகக் கேக்குக்குள் வைக்கும் மன்றத்துக் காசை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "வேணும்னேதான் போடல. போன வருஷம் மிச்சக் கேக்குக்குள்ள இது கெடந்துச்சு. ஆறு வருஷமா எனக்கு ஒரு சந்தேகம், இன்னைக்குத் தீந்துச்சு." பிறகு மேயர் பக்கம் திரும்பினாள். "இல்லாத காச வாயிலேருந்து எடுக்கிறீங்களே ஐயா, இருந்த பொண்ண எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

மன்றமே குலுங்கியது. ஒருவருக்குப் பல்செட் காபிக்குள் விழுந்தது. மேயரும் சேர்ந்து சிரித்தார். அந்தத் தோலுக்கு எதுதான் உறைக்கும்?

"புனித பசிலியாரோட அற்புதம்!" என்று சொல்லிக் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "உங்க கோரிக்கை பரிசீலனையில இருக்கும்மா" என்றார். அதற்குள் சிரித்தவர்களில் பாதிப் பேர் அவரோடு படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நின்றுவிட்டார்கள். சொல்ல நாக்கு கூசுகிறது, நானும் நின்றேன்.

மிச்சக் கேக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்டமாட்டியாவோடு மூன்று மாடி ஏறினேன். பந்தெலிஸ் எங்களுக்காகவே விழித்திருந்தார்.

"என்ன... சொன்னான்?" என்று குழறினார்.

"அவனுக்குத்தான் அதிர்ஷ்டமாம். திரும்பு."

அவர் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை. மறுபடி தள்ளினாள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்தேன். இரண்டு பேருமாகப் புரட்டியபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் தண்ணீர் தொட்டுத் தொட்டு அதைப் பிரித்தாள். உள்ளங்கை அகலத்துக்குப் புண். நவம்பரில் அது இல்லை.