நாக்குமீனின் கண்

தர்மபுரி சந்தைக் கூடையில் நாக்குமீன் கருவாட்டைப் பார்த்ததும், எழுபதுகளின் எங்கள் மொரப்பூர் வீடு நினைவுக்கு வந்தது. பக்கவாதம் வந்த அப்பா, கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்தே கிடப்பார்.

ஒரு தவக்கால வெள்ளிக்கிழமை, ரயிலில் வந்த கருவாட்டுக்காரரிடம் அம்மா சண்டைக்குப் போனாள். “அடிப்பக்கம் கண்ணே இல்லீங்களே! பாதியா அறுத்த மீனத் தர்றீங்களா?”

“முழுசுதாங்க. குஞ்சுல பக்கத்துக்கு ஒரு கண்ணு இருக்கும். வளரும்போது ஒண்ணு நகந்து மேல வந்துரும். மண்ணுல படுக்குற மீனு, கீழ கண்ண வெச்சிக்கிட்டு என்னத்தப் பாக்கும்?”

அம்மா கருவாட்டைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனாள். கட்டில் இழுபடும் சத்தம் கேட்டது. அன்று முதல் அப்பா வாசலைப் பார்த்துப் படுத்திருந்தார்.

சந்தைக் கூடையில் குப்புறக் கிடந்த கருவாடு ஒன்றை, கண் மேலே வரும்படி திருப்பி வைத்தேன்.