மாப்பிள்ளை ஏறிய டிராம்

உஸ்பெகிஸ்தானின் சமர்கந்தில் மின்கம்பியைப் பிடித்து ஓடும் டிராலிபஸ் இருந்த காலத்தில் ஜுல்ஹுமோர் அக்கா அதன் டிரைவர். அது நின்றுபோன பிறகு பன்னிரண்டு வருஷம் சந்தையில் ரொட்டி விற்றாள். அதிவேக ரயிலில் வந்து இறங்குகிறவர்களை ஊருக்குள் கொண்டுபோக டிராம் விடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், மாவு ஒட்டிய கையோடு போய் மனுக் கொடுத்தாள். வேலை கிடைத்தது. நான் அவள் டிராமில் கண்டக்டர். சிரிக்கவே தெரியாதவள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு காலை, தாஷ்கண்ட் ரயிலிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டமே இறங்கியது. நடுவில் வேர்த்து விறுவிறுத்து மாப்பிள்ளை பொபோமுரோத். ஓட்டப்பந்தயத்துக்காகச் சாலையை அடைத்திருந்ததால், பெண்வீட்டார் அனுப்பிய கார்கள் வழியிலேயே மாட்டிக்கொண்டன. கூட்டத்தோடு, ஆளைவிட நீளமான இரண்டு கர்னாய் எக்காளங்கள் வேறு.

"அக்கா, பொண்ணு வீடு சியாப் சந்தைப் பக்கம். பதினோரு மணிக்கு நிக்காஹ். போயிடலாமா?" என்றான் மாப்பிள்ளை.

"தண்டவாளத்தை யாரும் அடைக்கலையே, ஏறு. டேய், அந்தக் குழாயை வெளிய நீட்டினே, பிடுங்கிப் போட்டுடுவேன்!"

முதல் நிறுத்தம் தாண்டவில்லை, தோய்ரா என்கிற கைப்பறை முழங்கியது. கர்னாய் ஒரு ஊது ஊதியதில் ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. முட்டைத் தட்டோடு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த கிழவர், தட்டை என் கையில் திணித்துவிட்டு ஆடப் போனார்.

"உக்காருங்க! டிராம்ல ஆடக் கூடாது!" என்று அக்கா மைக்கில் கத்தினாள்.

"நீங்க மணியடிங்க அக்கா, உக்காந்துடறோம்!"

முறைத்தாள். அப்புறம் மணியடித்தாள். தாளம் பிசகவே இல்லை. ஒருத்தரும் உட்காரவுமில்லை.

பத்து நாற்பதுக்குச் சந்தை வந்தது. திரும்பக் கிளம்ப எட்டு நிமிஷம் இருந்தது. மாப்பிள்ளையின் அத்தை அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா இறங்கி, சீருடைத் தொப்பி கழன்று விழ, அந்த எட்டு நிமிஷமும் சுழன்று சுழன்று ஆடினாள். ஒன்பதாவது நிமிஷம் இருக்கையில் இருந்தாள்.

"ரயிலுக்குப் போறவங்க காத்திருக்காங்கடி, கதவை மூடு!" மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு.

அடுத்த வாரம் தாஷ்கண்டில் புதுப்பெண் பார்க்கும் விருந்து. மாப்பிள்ளையின் அத்தையே ரயில் டிக்கெட் அனுப்பி அக்காவைக் கூப்பிட்டிருந்தாள். நான் சந்தை நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. ரயிலிலிருந்து அக்கா.

"ஏய், இருநூத்தி முப்பது கிலோமீட்டர் வேகத்துல போகுதுடி! தேநீர் ஒரு சொட்டு சிந்தலை! பாதி வண்டி என் டிராம்ல வந்தவங்கதான், எல்லாரும் கையாட்டுறாங்க!"