நெற்றியின் இடப்பக்கம்

எனக்குக் கடலென்றால் பயம். சாந்தோம் மீனவர் குப்பத்தில் பிறந்தவன் இதைச் சொன்னால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? தம்பியைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து நான் கரையை மிதித்ததில்லை. உடல் கிடைக்காததால், இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளில் அம்மா அலையில்தான் பூப்போடுவாள். தனியாகத்தான் போவாள்.

சென்ற மழைக்காலத் தொடக்கத்தில், நண்பன் வற்புறுத்தியதால், அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மூளை அலைகளைப் பதியும் தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் படங்கள் வந்தன. நாய், சோறு, பாம்பு, கடல்.

முடிந்ததும் ஆய்வு செய்த பெண் தயங்கியபடி சொன்னாள்.

"பயந்து விலகுறப்ப பெரும்பாலும் நெத்திக்கு வலப்பக்கம் சுறுசுறுப்பாகும்னு சொல்வாங்க சார். கடலைப் பார்த்தப்ப உங்களுக்கு இடப்பக்கம். அது ஒண்ணைத் தேடிப் போற ஆசையோட பக்கம். ஒருத்தரை வச்சு உறுதியாச் சொல்ல முடியாதுதான். கடல் ரொம்பப் பிடிக்குமா சார்?"

தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

அந்த ஆண்டுக் கல்லறைத் திருநாளுக்கு அம்மாவோடு நானும் போனேன். அவள் போட்ட சாமந்தி மிதந்து உள்ளே போனது. அதன் பின்னாலேயே என் கால்களும் போய்க்கொண்டிருந்தன. முழங்கால் நனைந்த பிறகுதான் உணர்ந்தேன், அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள்.

"போதும் நைனா, வா."

"பயம் போய்டுச்சும்மா."

"உனுக்கு எப்படா பயம் இருந்துச்சி? அவன் போன அன்னிக்கே உன் கண்ணப் பாத்தேன். அதான் ஒரு வருசமும் உன்னிய கூப்புடல."

இப்போதும் கடற்காற்று வீசும்போதெல்லாம், அவள் விரல்கள் இருக்கின்றனவா என்று என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.