அறுபதில் நின்ற எண்

எங்கள் வாட்ஸாப் குரூப்பில் என்னை எல்லாரும் ‘சீஃபு’ என்றுதான் கூப்பிடுவார்கள். சீனர் பட்டறைகளில் தலைமை ஆசானைக் கூப்பிடும் சொல் அது. ஜொகூர் பாருவிலிருந்து பொந்தியான் வரைக்கும் கம்ப்யூட்டர் கேம் பைத்தியம் பிடித்த தமிழர்கள் சேர்ந்த குரூப். அட்மின் நான். அந்தப் பட்டம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

குரூப்பில் ஒரு வழக்கம் உண்டு. கேம் காட்சிகளைத் திரையில் ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டு ஒரு கடையில் பழையதாக விற்பனைக்கு வந்தால் யாரும் உடனே வாங்க மாட்டார்கள். அங்கிருந்து ஒன்றை நான் வாங்கி, என் பழைய கார்டோடு ஒப்பிட்டு வீடியோ போட வேண்டும். ஒரே கேம், ஒரே காட்சி. நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்று திரையின் மூலையில் ஒரு எண் தெரியும். எண் கூடினால் கார்டு நல்லது. கடைசியில் நான் ‘ஓகே’ என்று எழுதினால்தான் மற்றவர்கள் அந்தக் கடைப்படி ஏறுவார்கள்.

ஜொகூர் பாருவின் தெப்ரா பகுதியில் ஒரு கடைவீட்டின் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார் ஒரு அக்கா. தனியாள். சால்டரிங் முதல் சாமான் விற்பது வரை எல்லாம் அவரே. புதிதாகக் குரூப்பில் சேர்ந்து, “கார்டு விக்கலாம்னு இருக்கேன், சீஃபு வந்து பாக்கணும்” என்று எழுதியிருந்தார். போய் ஒரு கார்டு வாங்கி வந்தேன். என்னுடையதைவிட இரண்டு தலைமுறை புதியது.

ஞாயிறு மத்தியானம் சோதனை. பழைய கார்டில் அறுபது. கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டேன். அறுபது. வேறு காட்சிக்குப் போனேன். அப்போதும் அறுபது. கூடவுமில்லை, குறையவுமில்லை. எனக்கு ஜிவ்வென்று ஏறியது. உள்ளே பழைய சரக்கு, வெளியே புது ஸ்டிக்கர், யாரை ஏமாற்றப் பார்க்கிறாள் என்று கத்தினேன். கத்திய கையோடு, ‘போலி கார்டு, உஷார்’ என்று எழுதி வீடியோவைக் குரூப்பில் போட்டேன். கடைப் பெயரையும் போட்டேன். பிறகு கார்டை எடுத்துக்கொண்டு நேரே கடைக்கே போனேன்.

கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே சத்தமாகப் பேசினேன். அக்கா வீடியோவை இரண்டு தடவை பார்த்தார்.

“தம்பி, ரெண்டுலயும் சரியா அறுபதா? ஆடாம அசையாம அதே எண்ல எப்படி நிக்கும்? செட்டிங் எதும் பாத்தீங்களா?”

“அலமாக், எனக்கே செட்டிங் சொல்லித் தர்றீங்களா? எத்தன வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன்!”

அக்கா ஃபோனை என்னிடம் திருப்பி நீட்டினார். கார்டை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். காத்திருந்தவர்களில் ஒருவர் தன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே படியிறங்கினார். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. சாயங்காலம் அக்கா குரூப்பில் எழுதினார்: “சீஃபு, லிமிட் எதாவது போட்டிருக்கான்னு ஒரு தடவ பாருங்க.” நான் அதை அழித்தேன். அவரையும் குரூப்பிலிருந்து நீக்கினேன்.

அடுத்த வாரம் என் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: “நீங்க அறுபதுன்னு ஏதோ போட்டு வச்ச நாள்லேருந்துதான்லா இந்த மிஷின் கத்தாம ஓடுது.”

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. போன வருடம் பழைய கார்டின் விசிறி, அறையின் புழுக்கத்தில், தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டினாற்போல் சத்தம் போடும். அவள் திட்டினாள் என்று, நொடிக்கு அறுபது படத்துக்கு மேல் போகாதபடி ஒரு சின்ன புரோகிராமில் நானே கட்டுப்போட்டு வைத்திருந்தேன். அப்புறம் சுத்தமாக மறந்துவிட்டேன். எந்தக் கார்டைப் போட்டாலும் அதில் அறுபதுதான் காட்டும். கட்டை எடுத்துவிட்டு ஓடவிட்டேன். என் பழைய கார்டே எழுபதைத் தாண்டியது, விசிறி அலறியது.

அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன் நான். எல்லைச் சோதனைச்சாவடி வரிசையில் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து ‘இன்றைக்கு எழுதிவிடலாம்’ என்று நினைப்பேன். திரும்பி வரும்போது ‘நாளைக்கு’ என்று ஆகிவிடும். நடுவில் ஒருவர் குரூப்பில் கேட்டார்: “அந்த அக்கா கடையில மானிட்டர் வாங்கலாமா சீஃபு?” பார்த்தேன். பதில் எழுதவில்லை. வேறொருவர், “வேணாம்லா, ஏமாத்துக் கடை” என்று போட்டார். அதற்கும் சும்மா இருந்தேன். கோபத்தில் செய்ததைக்கூட விடுங்கள், தெரிந்த பிறகும் சும்மா இருந்தேனே, அதை நினைத்தால் இன்னும் காது சுடுகிறது.

பத்தாம் நாள் மனைவி, “நீங்களா எழுதறீங்களா, நான் எழுதவா?” என்றாள். எழுதினேன். தவறு என்னுடையது, கார்டு நல்ல கார்டு, மன்னிக்கணும் என்று நீளமாக. பாராட்டு மளமளவென்று கொட்டியது. “சீஃபு சீஃபுதான்.” “யாரு இப்படி ஒத்துப்பாங்க, பெரிய மனசு.” கும்பிடும் கைகள், இதயங்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

சனிக்கிழமை காலை அதையெல்லாம் காட்ட ஃபோனோடு அக்கா கடைக்குப் போனேன். காத்திருக்கும் நாற்காலிகளில் யாரும் இல்லை. நான் திருப்பிக் கொடுத்த கார்டு கண்ணாடி அலமாரியில் அப்படியே இருந்தது.

“அக்கா, தப்பு என்னோடதுதான். குரூப்ல எழுதிட்டேன், பாருங்க.”

ஃபோனை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் படித்தார். இதயங்களையும் கும்பிடுகளையும் ஒன்றுவிடாமல் பார்த்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. எல்லாரும் உங்களத்தான் கும்பிட்டிருக்காங்க.”

ஃபோனை மேசைமேல் என் பக்கமாக வைத்தார்.

“நான் பாக்கறதுக்கு வழியில்லையே. இன்னும் என்னைய குரூப்ல திரும்ப சேக்கலையே நீங்க.”