அக்காவின் வட்டப் படங்கள்

பீரோவின் மேல்தட்டில், பிள்ளையின் தடுப்பூசி அட்டைக்குப் பக்கத்தில், கம்பளி மஃப்ளரில் சுற்றிய லென்ஸ் ஒன்று இருக்கிறது. ஓசூர்க் குளிரில், அதுவும் மழை பிடித்துக்கொண்ட நாட்களில், கண்ணாடிக்குள் பூஞ்சை படரும் என்பார்கள். அதனால் செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து அதனோடு வைத்திருக்கிறேன். அப்படியும் நம்பிக்கை வராது. பிள்ளை தூங்கும் மதியங்களில் எடுத்து மூடியைக் கழற்றிப் பார்ப்பேன். முன்கண்ணாடி மாட்டின் கண் போலப் பிதுங்கி நிற்கும். ஜன்னல், மின்விசிறி, காயும் துணிகள், நான், எல்லாம் அதில் குட்டியாக வளைந்து தெரிவோம். ஒரு புள்ளி தெரிந்தால் அது தூசியா கீறலா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். என்னுடைய பொருளாக இருந்தால் இவ்வளவு பயப்பட மாட்டேன். அது அக்காவுடையது.

அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை. கல்யாணமாகி விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூர் வந்த புதிதில் நான் சேர்ந்த சிறிய நிறுவனத்தில் அவர்தான் படம் எடுப்பவர். தொழிற்சாலைகளின் உட்புறத்தை முழுச் சுற்றாகப் படம் பிடித்து, எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் கணினியில் நாலாபக்கமும் திருப்பிப் பார்க்கும்படி செய்துகொடுப்பது எங்கள் வேலை. அவர் எடுப்பார், நான் படங்களை ஒட்டி ஒரே காட்சியாக்குவேன். அவருக்கு உத்தனப்பள்ளிப் பக்கத்தில் ஒரு ஊர், வீட்டில் தெலுங்கு. கேட்டில் செக்யூரிட்டியிடம் கன்னடம், போனில் அம்மாவிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ் என்று ஒரே மூச்சில் மாறுவார். என் தெற்கத்திப் பேச்சு அவருக்குப் பெரிய வேடிக்கை. "ஏன் கண்ணு, உங்க ஊர்ல ஒரு வார்த்தைய முடிக்கவே மாட்டீங்களா? இழுத்துக்கிட்டே பஸ் ஏறிடுவீங்களா?" என்பார்.

லென்ஸ் வாங்க நாங்கள் பெங்களூர் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. கடைக்காரர் மிக அகலமாகப் பார்க்கும் ஃபிஷ் ஐ லென்ஸ்களில் இரண்டு வகையை எடுத்து வைத்தார். ஒன்று படச்சட்டம் முழுவதையும் நிரப்பும். மற்றதில் படம் வட்டமாக விழும். சுற்றிலும் கறுப்பு, நடுவே ஒரு வட்டம், அதற்குள் எதிரே இருப்பது, இடப்பக்கம், வலப்பக்கம், கூரை, தரை எல்லாம் அடங்கிவிடும். நான் அந்த வட்ட லென்ஸை நாங்கள் கொண்டுபோயிருந்த சின்ன கேமராவில் மாட்டினேன். மேலும் கீழும் வெட்டுப்பட்டு, இரண்டு பக்கமும் கடித்த தோசை போல விழுந்தது வட்டம். "மேடம், இதுக்குப் பெரிய சென்சார் இருக்கற கேமரா வேணும்" என்று கடைக்காரர் சிரித்தார். பெரிய கேமராவை ஆபீசில் விட்டுவிட்டு லென்ஸ் வாங்க வந்திருந்தோம். எனக்கு அவமானமாக இருந்தது. அக்கா கடைக்காரரைவிட அதிகமாகச் சிரித்துவிட்டு, அங்கிருந்த பெரிய கேமராவைக் கேட்டு வாங்கி மாட்டினார்.

எனக்கு அந்த லென்ஸ் பிடிக்கவில்லை. "படத்துல பாதி கறுப்பாப் போகுதேக்கா. ஓரமெல்லாம் மங்கலா, ஊதா ஊதாவா இருக்கு. பெருசு பண்ணினா உடைஞ்சிரும்" என்றேன்.

"மத்ததுல எத்தன வாட்டி திருப்பணும்? மேல ஒண்ணு, கீழ ஒண்ணு தனியா எடுக்கணும். அதுக்குள்ள ஆளு நகந்துருவான். நீ ஒட்டின படத்துல அந்த சூப்பர்வைசருக்கு ஒரு காலு இல்ல, பாத்தியா?"

"அவரு அசையாம நின்னிருந்தா கால் இருந்திருக்கும்."

"வேல நேரத்துல அந்தாளு அன்னிக்கு ஒருநாள்தான் அசைஞ்சாரு. அத நாம புடிச்சிட்டோம்."

அவர் சொன்ன காரணம் சரிதான். வட்ட லென்ஸ் என்றால் நாலு திருப்பில் வேலை முடியும்; எந்திரங்களை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே, கேமராவைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து, பின்பக்கச் சின்னத் திரையில் தெரிந்த வட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தின் கூர்மையைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன்.

எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் அவர் முதலில் அப்படி ஒரு படம் எடுப்பார். கை நீட்டிப் பார்ப்பார். பிறகு அழித்துவிடுவார், அது என் கணினிக்கு வராது. அதன் பிறகுதான் வேலை ஆரம்பிக்கும். இந்த லென்ஸில் கண்ணாடிக்கு ஒரு அங்குலம் முன்னால் வந்தது எதுவும் படத்துக்குள் விழுந்துவிடும். அவர் கற்றுக்கொடுக்க நான் எடுத்துப் பார்த்த முதல் படங்கள் எல்லாவற்றிலும் என் சேஃப்டி ஷூவின் மூக்கு இருந்தது. ஆளோ எந்திரமோ பெரிதாகத் தெரிய வேண்டுமானால் முட்டிக்கொள்ளும் அளவுக்குக் கிட்டே போக வேண்டும். இரண்டடி தள்ளி நின்றால் எல்லாம் கடுகாகிவிடும். எந்திரப் பகுதிக்கு எல்லை காட்டும் தரையின் மஞ்சள் கோடுகள் வில்லாக வளையும். வட்டத்தின் நடுவே போகிற கோடு மட்டும் நேராக நிற்கும். இரும்பு வெட்டும் எந்திரங்களின் கட்டிங் ஆயில் புகை கண்ணாடியில் படிவதை அவர் துடைக்கும்போது பிள்ளையின் முகத்தைத் துடைப்பது போல இருக்கும். இதையெல்லாம் அப்போது நான் வியப்போடு பார்த்தேன். கூடவே, அவரைப் பற்றி மற்றவர்கள் சொன்னதையும் கொஞ்சம் நம்பினேன். பக்கவாட்டில் நின்று சிரிப்பவர்களுக்கு அவர் பதில் சிரிப்பு சிரிப்பதில்லை. வணக்கம் சொன்னாலும் சில நேரம் பார்க்காமல் போய்விடுவார். "கேமரா புடிச்சா பெரிய இவளா?" என்று செக்யூரிட்டி என் காதுபடவே சொல்லியிருக்கிறார். வெயில் சாய்வதற்குள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்பதும் திமிரின் கணக்கில்தான் சேர்ந்தது.

ஒருநாள் கேன்டீனில் அவருடைய இடப்பக்கம் யாரோ டீ வைத்துவிட்டுப் போனார்கள். அவர் கை நகர்த்தியதில் டம்ளர் கவிழ்ந்து என் சுடிதாரெல்லாம் டீ. டம்ளர் அங்கே இருந்ததே அவருக்குத் தெரியவில்லை. நான் துடைத்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"ஒரு பைப்பு வழியா பாக்கற மாதிரி கண்ணு" என்றார். "நடுவுல நல்லாத் தெரியும். ஊசில நூலு கோத்துருவேன். ஓரந்தான் இல்ல. வருசா வருசம் பைப்பு சின்னதாவுது."

அவருடைய அம்மாவைச் சொந்தத் தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர் ஊர்ப் பக்கமும் என் ஊர்ப் பக்கமும் அது வழக்கம்தான். பெங்களூர் டாக்டர் முதலில் கேட்டது அதைத்தானாம். மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

"மொதப் படம் எடுக்கறனே, அது உனக்கில்ல, எனக்கு. ஹால் மொத்தமும் இத்துனூண்டு வட்டத்துல அடங்கிடுது பாரு, என் பைப்புக்குள்ள அது முழுசா நிக்கும். எங்க சரக்கு அடுக்கி வெச்சிருக்காங்க, எங்க வழின்னு அதுல பாத்து மனசுல வெச்சுக்குவேன். யாருகிட்டயும் சொல்லிறாத. தெரிஞ்சா மஞ்சக் கோட்டுக்கு உள்ள என்ன விடமாட்டாங்க."

நான் சொல்லவில்லை. அவருக்கு வேலை செய்யத் தெரிந்த இடமும் பிடித்த இடமும் அந்த மஞ்சள் கோட்டுக்கு உள்ளேதான் இருந்தன. அண்ணன் வீட்டில் ஒரு அறை. மற்றபடி அவருக்கென்று வேறெதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவருக்கு இடப்பக்கம் ஒட்டியே நடந்தேன். வண்டி வருகிறது, கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன். சொல்லாமல் இருப்பது சரியா என்று வீட்டுக்கு வந்து யோசிப்பேன். சொன்னால் சரியாகிவிடுமா என்றும் யோசிப்பேன். "நீ எனக்கு ஹாரன் மாதிரி கண்ணு, நிறுத்தவே மாட்டேங்கற" என்று அவர் கேலி செய்வார்.

எனக்கு வயிறு தெரிய ஆரம்பித்த மாதம் அது நடந்தது. ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் அவர் முதல் படம் எடுத்துப் பார்த்து முடித்த பிறகு, அவர் பார்த்தபோது அங்கே இல்லாத, சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று பின்பக்கமாக வந்தது. தன் முழங்கை படத்தில் விழாமலிருக்க அக்கா ஒரு எட்டு பின்னால் வைத்தார். நான் கத்தவில்லை, கத்தத் தோன்றவில்லை. அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். இருவரும் அட்டைப்பெட்டிகள் மேல் சரிந்தோம். "கண்ணு தெரியல?" என்று டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "வயித்துப் புள்ளக்காரியக் கூட்டிக்கிட்டு இங்க என்ன வெளயாட்டு?" நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அக்கா என் வயிற்றின் மேலிருந்த கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது வேறெதுவும் தெரிந்திருக்காது.

மறுநாள் அவர் ஆபீசுக்கு வந்தது விலகுவதாகச் சொல்லத்தான். காரணம் கேட்ட முதலாளியிடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றார். வாசலில் மஃப்ளரில் சுற்றிய லென்ஸை என் கையில் வைத்தார். ஆபீசில் வேண்டாம் என்றபோது தானே வாங்கிக்கொண்ட லென்ஸ் அது. "எங்க வீட்ல ஒரே தூசி. நீ வெச்சிரு" என்றார். நான் தடுத்தேன். "எனக்காக ரெண்டு உசுரு நடக்கக் கூடாது கண்ணு" என்று சொல்லிவிட்டு, வெயில் இருக்கும்போதே பஸ் ஏறிவிட்டார்.

பிறகு நானும் பிரசவத்துக்காக வேலையை விட்டேன். மாமியார் சில வாரம் வந்திருந்து ஊருக்குத் திரும்பினார். கணவருக்கு ஷிப்ட் வேலை. வீட்டில் இருக்கும் நேரம் தூங்குவார், பாவம். அடுக்குமாடியில் பக்கத்து வீடுகளில் ஒடியா பேசுகிறார்கள், இந்தி பேசுகிறார்கள். லிஃப்டில் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நாள் முழுக்க நான் பேசுவது பேச்சு வராத ஒருவனோடு. சிவப்பு மூடி ஒன்றை அவன் முகத்துக்கு இடப்பக்கம் கொண்டுபோய் மெல்ல முன்னால் நகர்த்துவேன், எப்போது திரும்புகிறான் என்று பார்க்க. பிறகு வலப்பக்கம். அக்காவின் நோய் என் பிள்ளைக்கு வர எந்த வழியும் இல்லை என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம் கேட்டபோது அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து மறுபடியும் மூடியை எடுத்தேன்.

சென்ற மாதம் ஒரு மத்தியானம், யோசித்து யோசித்துத் தள்ளிப்போடுவதை விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உத்தனப்பள்ளி பஸ் ஏறினேன். லென்ஸையும் கணவரின் நண்பரிடம் இரவல் வாங்கிய பெரிய கேமராவையும் பையில் வைத்திருந்தேன். அக்காவின் பைப் இன்னும் சிறியதாகியிருந்தது. அக்கா முன்னறையில் பாயில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வாங்கி, துண்டு துண்டாகப் பார்த்தார். ஒரு கண். அதை முடித்துவிட்டு மூக்கு. பிறகு ஒரு காது, அதன் மடிப்பு. விரல்களை ஒவ்வொன்றாக. "காது உங்க ஊட்டுக்காரரு மாதிரியா? உனக்கு இப்படி இல்லியே" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளையை இத்தனை நேரம் யாரும் பார்த்ததில்லை. அந்த நினைப்பு வந்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. சத்தம் வராமல் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் குனிந்தபடியே இருந்தார்.

பிறகு கேமராவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். விரல்கள் தாமாகவே மூடியைக் கழற்றின. பிள்ளையைப் பாயில் குப்புறப் படுக்க வைத்து, தானும் தரையோடு குனிந்து, அவன் முகத்துக்கு நேரே ஒரு சாண் தள்ளி லென்ஸைக் கொண்டுபோனார். அவன் அந்தப் பெரிய கண்ணாடியைப் பிடிக்கக் கை நீட்டினான். அழுத்தினார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, திரையில் விழுந்த வட்டத்தைப் பார்த்தார். நடுவே பிள்ளை முழுசாக, சிரித்துக்கொண்டு. அவனைச் சுற்றி பாய், சுவர், ஜன்னல், கூரையின் ஓடுகள், ஓரத்தில், தலைப்பும் கையுமாக நான்.

வட்டத்தை ஓரம் வரை பார்த்து முடித்தார். பிறகு, என் பக்கம் திரும்பாமல், திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஏன் கண்ணு அழுவுற?"

"இல்லக்கா. வெளிச்சம் கண்ணுல அடிச்சுச்சு."

"ஜன்னலு உன் முதுகுக்குப் பின்னால இல்ல இருக்குது" என்றார் அக்கா.