கோழிப்பண்ணை வெளிச்சம்

நாமக்கல் பக்கத்தில், கணவர் குடும்பத்து முட்டைக்கோழிப் பண்ணையை ஒட்டியது எங்கள் வீடு. அங்கே ஈ மொய்க்காத ஒரே இடம், கூடத்தில் நான் வைத்திருந்த கடல்நீர்த் தொட்டி. உப்பைக் கரைத்து, மாதக்கணக்கில் தண்ணீரைப் பக்குவப்படுத்தி, பெங்களூரிலிருந்து வளர்ப்புப் பவளத் துண்டுகளை வரவழைத்திருந்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

விளக்கைத் தேர்ந்தெடுக்கத்தான் படாத பாடு பட்டேன். பவளம் கல் இல்லை, உயிர். அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்ணிய பாசி, ஒளியை வைத்துச் சமைத்துக் கொடுப்பதைத் தின்றுதான் பிழைக்கிறது. அதற்கு நீலம் தூக்கலான ஒளி வேண்டும். அதையும் மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும். சேலத்தில் ஒரு கடைக்காரர் லாரி கேபினில் ஒட்டும் பட்டை விளக்கை நீட்டி, "இதும் நீலந்தானுங்க" என்றார். கடைசியில் பவளத்துக்கென்றே செய்த விளக்கை வாங்கி மாட்டினேன்.

மாமியார் பார்த்துவிட்டு, "எழவு ஊட்டு ஐஸ் பொட்டியாட்ட இருக்குது" என்றார். கணவர் வழக்கம்போல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை கல்யாணத்துக்காக எடப்பாடி போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வாடை. பண்ணை வாடை பழகிப்போன மூக்குக்கே தாங்கவில்லை. தொட்டியின் மேல் என் விளக்கைக் காணோம். அதன் இடத்தில், பண்ணை கேட்டில் இருந்த இரண்டு ஃபோகஸ் லைட்டுகள் கண்ணைக் கூசவைத்தன. கண்ணாடியெல்லாம் சளிபோல் பழுப்புப் பாசி. ஊதாவும் பச்சையுமாய் இருந்த பவளங்கள் வெளுத்துக் கிடந்தன. ஒன்றைத் தொட்டேன், சதை கொழகொழவென்று விரலோடு வந்தது.

பண்ணையை நடத்தும் கணவரின் அண்ணன் செய்த வேலை.

"நாந்தான் மாத்துனேன் அம்மிணி. கோழிக்கே பதனாறு மணி நேரம் லைட்டு போட்டாத்தான் முட்டை. நீ போட்ட வெளிச்சத்துல இதுக எப்படி வளரும்? கோழிக் கொட்டாய் டைமரையே இதுக்கும் போட்டுட்டேன்."

அவருக்கு மூச்சு விடுகிற எல்லாமே கோழிதான். வெளிச்சம் போட்டால் எதையாவது இட்டாக வேண்டும்.

"எல்லாம் செத்துப்போச்சுங்க மாமா."

"எங்க செத்துச்சு? இப்பத்தான் வெள்ளை வெளேருன்னு சுத்தமா இருக்குது. வந்தவங்கெல்லாம் முன்னால நின்னு போட்டோ எடுத்துட்டுப் போனாங்க."

செத்ததன் முன்னால் நின்று பல்லைக் காட்டியிருக்கிறார்கள். நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, குப்பையில் கொட்டிவிடலாம் என்றார். அண்ணன் விடவில்லை. ஒரு துண்டை எடுத்து நகத்தால் சுரண்டி, விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார்.

"சுண்ணாம்புடா. கிளிஞ்சலாட்டத்தான். அரைச்சுத் தீவனத்துல போட்டா ஓடு கெட்டியாகும்."

அன்றைக்கே வாளியில் அள்ளிக்கொண்டு போனார். எனக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

சில நாள் கழித்து, காலையில் மாமியார் என் தட்டில் அவித்த முட்டையை வைத்தார்.

"ஓடு என்னமா கெட்டியா இருக்குது பாரு சாமி. உரிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு."

எனக்கென்று இருந்த ஒன்றையும் கோழிக்குப் போட்டு, அதை எனக்கே அவித்து வைத்திருக்கிறார்கள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அந்தப் பண்ணை முட்டையை இன்றுவரை நான் தொட்டதில்லை.