நயினார் என்று திருத்திய வசனம்

கோபம் வந்தால் எனக்குக் குரல் உயராது, இன்னும் தணியும். அந்தச் சனிக்கிழமை, கனடாவில் ஸ்காபரோவில் எங்கள் தமிழ் வகுப்பு நடக்கும் அறையில், நாடகப் பிரதியைப் பிரித்துப் பார்த்தபோது என் குரல் அப்படித்தான் தணிந்தது.

நாடகத்தைக் கலைவிழாவுக்காக எழுதியது நான். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வருவதற்கு முன், ஒரு பருத்தித் தோட்டத்து அடிமைகள் துவக்கெடுத்துச் சுட எழும்புகிற கதை. பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியில் தப்பி ஓடிய அடிமைகளைப் பற்றிப் படித்திருந்தார்கள். திருப்பி அடித்தவர்களைப் பற்றிக் கேட்டால் முழித்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

தமிழ்ப் பள்ளியின் தலைவர் அண்ணை அதைச் சிவப்புப் பேனையால் திருத்திப் புதுப் பிரதியும் அடித்துக் கொண்டுவந்திருந்தார். துவக்குகள் எல்லாம் போய்விட்டன. கடைசிக் காட்சியில் அடிமைகள் முழங்காலில் நின்று கெஞ்ச, தோட்டத்து முதலாளி மனமிரங்கி விடுதலை கொடுக்கிறார். நல்ல காலம், அவருக்கு மாலை போடச் சொல்லவில்லை.

“சின்னப் பிள்ளையளுக்குத் துவக்கு என்னத்துக்கு ரீச்சர்? எங்கட சனம் ஊர்ச் சண்டையிலை பட்டது காணாதே? நான் எழுதினபடி செய்யுங்கோ. ஏலாதெண்டால் வகுப்பை வேற ஆளிட்டைக் குடுப்பம்,” என்றார்.

பதினொரு வருடமாக நடத்தும் வகுப்பு. தூரத்து விட்பியிலிருந்து பனிக்குள்ளும் கார் ஓடி வருவது இந்தப் பிள்ளைகளுக்காகத்தான். துவக்கை விட்டுக்கொடுத்து வகுப்பைக் காப்பாற்றுவோமா என்று யோசித்தேன். பொய் சொல்லமாட்டேன்.

அப்போது கதாநாயகியாக நடிக்கும் பத்து வயதுப் பிள்ளை புதுப் பிரதியைப் பார்த்துக் கேட்டாள்: “ரீச்சர், நயினார் எண்டால் என்ன? அது அந்த முதலாளியின்ர நேமா?”

நான் ‘எசமான்’ என்று எழுதிய இடமெல்லாம் ‘நயினார்’ ஆகியிருந்தது.

“எசமான் சினிமாத் தமிழ். நயினார்தான் எங்கட தமிழ்,” என்று அண்ணை பெருமையாகச் சொன்னார். மனிசனுக்குத் தான் என்ன எழுதினார் என்றே விளங்கவில்லை.

“அது பேரில்லை பிள்ளை,” என்றேன். “ஊரிலை எங்கட சாதி ஆக்கள் அண்ணையின்ர சாதி ஆக்களை அப்பிடித்தான் கூப்பிட வேணும். என்ர அப்பா, தன்னிலும் இளம் பெடியனையும் அப்பிடிக் கூப்பிட்டவர். தேத்தண்ணிக் கடையிலை மற்றவைக்குக் கிளாஸ், அவருக்குப் புறம்பா வைச்ச போத்தல்.”

“உதுகளை ஏன் இஞ்சை கிளறுறியள்? கனடாவிலை உதொண்டும் இல்லை.”

“இல்லாட்டி உங்கட பேனைக்குள்ளை எப்பிடி வந்தது அண்ணை?”

அண்ணை சிவப்புப் பேனையைச் சட்டைப் பைக்குள் செருகினார். பிள்ளை விடவில்லை. “உங்கட அப்பா முழங்காலிலை நிண்டு பெக் பண்ணினவரோ?”

“இல்லை. ஒருநாள் எனக்கும் கிளாஸிலை தா எண்டு கேட்டவர். அதுக்கு அவரை அடிச்சவங்கள். அவர் திருப்பி அடிச்சவர்.”

இந்த நாட்டுக்கு வந்து இதை ஒருவருக்கும் சொன்னதில்லை, நான் பெற்ற பிள்ளைகளுக்கும்கூட. ஏதோ வெட்கக்கேடு மாதிரி மூடி வைத்திருந்தேன். அண்ணையில் வந்த கோபத்தில் பாதி என்னில் வந்த கோபம்.

“வகுப்பை ஆரிட்டை வேணுமெண்டாலும் குடுங்கோ,” என்றேன். “இண்டைக்கு நான்தான் ரீச்சர்.”

பழைய பிரதியை எடுக்கச் சொல்லி ஒத்திகையைத் தொடங்கினேன். அண்ணை கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சியில் ஒரு பிள்ளையையும் நான் முழங்காலில் நிற்க விடவில்லை.